கையில் உள்ள காசை வாசிப்போம்

(தோட்டக் கிளைக் கூட்டங்களில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் என்றால் சம்பள உயர்வு, கைக்காசு, வீடு, காணி என்று பேசிப் பழகியிருக்கிறோம். இன்று நாங்கள் உங்களுக்கு ஒரு பரீட்சை வைக்க வந்திருக்கிறோம். பேனையும் கொப்பியும் தேவையில்லை. புலமைப்பரிசில் பரீட்சையைப் போல வெட்டுப்புள்ளியும் இல்லை. ஒரேயொரு நிபந்தனைதான். சட்டைப்பையிலும் சீலை முந்தியிலும் இருக்கும் காசை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. ஏனென்றால் பரீட்சையே அந்தக் காசைப் பற்றித்தான்.

காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்கிறோம். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள் எங்கே நிற்கிறது என்று கண் இமைக்காமல் பார்க்கிறோம். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் சண்டை பிடிக்கிறோம். பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் மாதம் முழுவதும் பட்ட பாடு காசாக மாறிக் கைக்கு வந்ததும், அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கடைக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் கொடுக்கும் மிச்சத்தையும் அப்படியே வாங்கி முடிந்துகொள்கிறோம். தராசைப் பார்க்கும் அதே கண் காசையும் பார்க்க வேண்டும். நாங்கள் சொல்ல வந்தது அவ்வளவுதான். இனிப் பரீட்சைக்குப் போவோம்.

முதல் கேள்வி: ஆயிரம் ரூபாத் தாளின் முன்பக்கத்தில் என்ன படம் இருக்கிறது?

நாள் சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டு எத்தனை ஆண்டுகள் போராடினோம் என்பதை யாரும் மறக்கவில்லை. 2021 மார்ச் மாதத்தில் அது வர்த்தமானியில் வந்தது. அந்த ஆயிரம் ரூபாத் தாளில் என்ன படம் என்று கேட்டால், எந்தத் தோட்டத்திலும் இரண்டு மூன்று பேருக்கு மேல் கை உயர்த்துவதில்லை. அதில் இருப்பது நமது இறம்பொடைச் சுரங்கப்பாதை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் பஸ்ஸில் எத்தனையோ முறை நாம் கடந்து போன இடம்.

இன்னொன்றும் கேட்கிறோம். பரதநாட்டியம் ஆடும் பெண் எந்தத் தாளில் இருக்கிறாள்? 100 ரூபாத் தாளின் பின்பக்கத்தில். அவளோடு மிருதங்கம் வாசிக்கும் கலைஞரும் இருக்கிறார். அதே தாளின் முன்பக்கத்தில் மஸ்கெலியாப் பக்கத்து லக்ஸபான நீர்வீழ்ச்சி இருக்கிறது.

இரண்டாவது கேள்வி பெரியவர்களுக்கு: கொழுந்து பறிக்கும் பெண்கள் எந்தத் தாளில் இருந்தார்கள்?

1991இல் வெளிவந்த 100 ரூபாத் தாளின் பின்பக்கத்தில். தாளை நெடுக்காகப் பிடித்துப் பார்க்க வேண்டிய படம். கீழே இரண்டு கிளிகளும் இருந்தன. அந்தத் தாளை இப்போது கடைகளில் காண்பது அபூர்வம். யார் வீட்டிலாவது பழைய தகரப்பெட்டியில் ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் படம் போட்ட தாளையே நம்மில் பலர் கவனிக்காமல் செலவழித்திருக்கிறோம்.

மூன்றாவது கேள்வி: தாளில் யாருடைய கையெழுத்து இருக்கிறது?

நிதி அமைச்சரின் கையெழுத்தும் மத்திய வங்கி ஆளுநரின் கையெழுத்தும். கையெழுத்து எதற்கு? இந்தத் தாளுக்குப் பின்னால் ஒருவர் பொறுப்பாக நிற்கிறார் என்பதற்கு. அந்தப் பொறுப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு 1884இல் கண்டது. அன்று தாள்களை அச்சிட்டு வெளியிட்டவை தனியார் வங்கிகள். கோப்பித் தோட்டங்களுக்குப் பெருமளவில் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி, இலைநோயால் கோப்பி அழிந்தபோது தானும் விழுந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் அதன் கதவுகள் மூடப்பட்டன. அதன் தாள்களை வைத்திருந்தவர்கள் கதிகலங்கிப் போனார்கள். தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் நிலைமை தணிந்தது. அதன்பின் சட்டம் இயற்றி அரசாங்கமே தாள் வெளியிடத் தொடங்கியது. 1950இல் மத்திய வங்கி வந்து அந்த வேலையைப் பொறுப்பேற்றது.

தாள் என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி யாருடையது என்பதை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அது சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. இது எத்தனை ரூபா என்று நாம் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நான்காவது கேள்வி: ஒரு காலத்தில் சதக் கணக்கில் நாள் சம்பளம் வாங்கினோம். எத்தனை சதம்?

இந்த நாட்டில் ரூபாவும் சதமும் 1872இல் வந்தன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் வைத்த நாள் சம்பளம்: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். சிறுவருக்கும் ஒரு விலை வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் 11 சதம் வித்தியாசம். ஒரே மலை, ஒரே மழை, ஒரே அட்டைக்கடி. ஆனாலும் 11 சதம் குறைவு. சம வேலைக்குச் சம சம்பளம் 1984இல்தான், போராட்டத்தின் பின்னர் வந்தது. அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவர் போய் வாங்கி வருவது பல தோட்டங்களில் வழக்கமாகவே இருந்தது. ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சம்பளத்தை நீங்களே எண்ணி வாங்குங்கள். எண்ணத் தடுமாறினால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

ஐந்தாவது கேள்வி: பத்து ரூபாக் குத்திக்கு எத்தனை பக்கம்?

வட்டம் என்று சொன்னவர்கள் இப்போது மடியிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். பதினொரு பக்கம். விரலால் தடவினால் முனைகள் தெரியும். இருட்டிலும் 10 ரூபாவை இனம் காண இதுவே வழி. 1 ரூபா, 5 ரூபாக் குத்திகளில் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 2017க்கு முன் வந்தவற்றில் பல மஞ்சளாக இருக்கும். பின்னர் வந்தவை வெள்ளையாக இருக்கும். இரண்டும் செல்லும். இலக்கத்தைப் பார்த்து எண்ணுங்கள்.

சில கடைகளில் 1 ரூபா, 2 ரூபாக் குத்திகளை வாங்க மறுக்கிறார்கள். மிச்சக் காசு தரும்போதும் குத்திக்குப் பதிலாக டொபி கொடுத்துவிடுகிறார்கள். மத்திய வங்கி வெளியிட்ட குத்தி சட்டப்படி செல்லும். ஒரு நாளைக்கு 4 ரூபா டொபியாகப் போனால் 30 நாளைக்கு 120 ரூபா. “எனக்கு டொபி வேண்டாம், மிச்சத்தைத் தாருங்கள்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறாவது கேள்வி: 370 ரூபாவுக்குச் சாமான் வாங்கி 1,000 ரூபாத் தாளைக் கொடுக்கிறீர்கள். மிச்சம் எவ்வளவு?

630 ரூபா. பிள்ளைகள் உடனே சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் மனக்கணக்காகக் கழிக்கத் தேவையில்லை. சாமான் விலையிலிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு போனால் போதும். 370. பத்து ரூபாக் குத்தியை வைத்தால் 380. இருபது ரூபாத் தாளை வைத்தால் 400. நூறு ரூபாத் தாளை வைத்தால் 500. ஐந்நூறு ரூபாத் தாளை வைத்தால் 1,000. நீங்கள் கொடுத்த தாளின் தொகைக்கு வந்து சேர்ந்தால் மிச்சம் சரி. கழித்தல் தெரியாதவருக்கும் இந்த வழி தெரியும்.

இதோடு இன்னொரு பழக்கம். பெரிய தாளைக் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்: “இந்தாங்க அண்ணே, ஐயாயிரம்.” கடையில் நான்கு பேர் காதில் விழட்டும். “நீங்கள் 500தான் தந்தீர்கள்” என்ற தகராறு அதன்பிறகு வராது.

ஏழாவது கேள்வி: தாள் நல்லதா, கள்ளத்தாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சம்பள நாளும் தீபாவளி, பொங்கல் முற்பண நாளும் கள்ளத்தாள் மாற்றுபவர்களுக்கு வசதியான நாட்கள். கடையில் கூட்டம், கையில் அவசரம், மாலை மங்கல். மூன்று வேலை செய்தால் போதும். தொடுங்கள், வெளிச்சத்தில் பிடியுங்கள், சாயுங்கள்.

தொட்டால், நல்ல தாளில் அச்சு விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். சாதாரணக் கடதாசியில் அடித்த தாள் வழுவழுவென்று இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வெறுமையாகத் தெரியும் பகுதியில் ஒரு பறவை தெரியும். தாளில் அச்சடித்திருக்கும் அதே பறவைதான் உள்ளேயும் தெரிய வேண்டும். 1,000, 5,000 போன்ற பெரிய தாள்களைச் சாய்த்துப் பார்த்தால் பாதுகாப்பு இழையின் நிறம் மாறும். தாளின் இலக்கம் இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு தாள்களில் ஒரே இலக்கம் இருந்தால் அதில் ஒன்றாவது கள்ளத்தாள்.

கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. 20 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவரை மதிப்புக் கூடக் கூடத் தாளின் நீளமும் கூடும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் புரியும். தாளின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் புள்ளிகளும் இருக்கின்றன. மதிப்புக்கேற்ப அவற்றின் எண்ணிக்கை மாறும். மங்கிய வெளிச்சத்தில் 100 ரூபாவின் செம்மஞ்சளையும் 5,000 ரூபாவின் பொன்னிறத்தையும் மாற்றி எண்ணிவிடலாம். அப்போது நீளமும் புள்ளியும் கை கொடுக்கும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் பிள்ளைகள் இதை இன்றைக்கே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2025இல் மத்திய வங்கியின் 75ஆவது ஆண்டு நிறைவுக்காக 2,000 ரூபாத் தாள் ஒன்று வெளிவந்தது. பழக்கமில்லாத தாள் என்பதற்காக அதைக் கள்ளத்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. பழக்கமில்லை என்பதற்காகப் பார்க்காமல் வாங்கவும் கூடாது. அதையும் தொட்டு, பிடித்து, சாய்த்துப் பாருங்கள்.

எட்டாவது கேள்வி: கள்ளத்தாள் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பல தோட்டங்களில் வரும் பதில் ஒன்றுதான்: “இருட்டும்போது இன்னொரு கடையில் மாற்றிவிட வேண்டியதுதான்.” தோழர்களே, அது கள்ளத்தாள் என்று தெரிந்தே கொடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அச்சடித்தவன் எங்கோ இருப்பான், பிடிபடுவது நாமாக இருக்கும். நாம் ஏமாற்றும் கடைக்காரரும் அடுத்த வரியில் குடியிருப்பவராகத்தான் இருப்பார்.

சந்தேகம் இருந்தால் வாங்கும்போதே வேண்டாம் என்று சொல்லி வேறு தாள் கேளுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால், யாரிடம், எங்கே, எப்போது வாங்கினோம் என்று நினைவுபடுத்திக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். அதற்குப் பதிலாக நல்ல தாள் கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அந்த நட்டம் நம்முடையதாகிவிடும். அதனால்தான் வாங்கும்போதே பாருங்கள் என்று இவ்வளவு தூரம் சொல்கிறோம். தனியாகப் போகத் தயங்கினால் தோட்டத் தலைவரையோ மாதர் அணித் தலைவியையோ அழைத்துக்கொண்டு போங்கள்.

ஒன்பதாவது கேள்வி: மழையில் நனைந்து கிழிந்த தாளை யார் மாற்றித் தருவார்கள்?

நமது காசு மழையில் நனையும், வியர்வையில் ஊறும், லயத்துச் சுவர் ஓதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இப்படி இயல்பாகப் பழுதான தாளை வங்கியில் கொடுத்து மாற்றலாம். மிக மோசமாகச் சிதைந்ததை மத்திய வங்கி பார்த்து முடிவு செய்யும். கிழிந்த 1,000 ரூபாவை 800க்கு வாங்குகிறேன் என்று யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் வேண்டுமென்றே எழுதி, கிறுக்கி, வெட்டிப் பழுதாக்கிய தாளுக்கு மாற்றுப் பணம் கிடையாது. 2017 டிசம்பர் 31க்குப் பிறகு அப்படிப்பட்ட தாள்களுக்கு மாற்று வழங்குவதில்லை என்று மத்திய வங்கி அறிவித்தது. அப்படிச் செய்வது குற்றமுமாகும். சீட்டுக் கணக்கையும் தொலைபேசி இலக்கத்தையும் தாளில் எழுதுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம். எழுத வேண்டியதைக் கொப்பியில் எழுதுவோம்.

பத்தாவது கேள்வி: உங்களுக்குச் சொந்தமான காசில், இன்னும் உங்கள் கைக்கு வராத காசு எவ்வளவு?

இதற்குத்தான் எல்லாரும் மௌனமாகிவிடுகிறார்கள். தாளையும் குத்தியையும் வாசிக்கப் பழகினால், அடுத்து வாசிக்க வேண்டியது சம்பளச் சிட்டையை. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவையே ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 20 நாள் பெயர் என்றால் 27,000 ரூபா. சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது நாம் இபிஎஃப் என்று சொல்வதற்கு, குறைந்தது நமது பங்கு நூற்றுக்கு 8. அது 2,160 ரூபா. தோட்டம் தனது பங்காக நூற்றுக்கு 12 போட வேண்டும். அது 3,240 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது இடிஎஃப்புக்கு, தோட்டம் மட்டும் நூற்றுக்கு 3 போட வேண்டும். அது 810 ரூபா. மூன்றையும் கூட்டினால் ஒரு மாதத்துக்கு 6,210 ரூபா. தொட்டுப் பார்க்க முடியாது, வெளிச்சத்தில் பிடிக்க முடியாது. ஆனாலும் அது உங்கள் காசு. உங்கள் சிட்டையில் கழித்த தொகை உங்கள் கணக்கில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதும் காசு எண்ணுவதுதான்.

நமது முன்னோருக்கு ஒரு கடதாசி விலங்காக இருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். கங்காணியின் கணக்கில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அந்தக் கடனைத் தலையில் சுமந்துகொண்டே தோட்டம் விட்டுத் தோட்டம் போனார்கள். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், எதற்குக் கழித்தார்கள் என்பதைப் பெரும்பாலானவர்களால் வாசிக்க முடியவில்லை. எழுதியவர் சொன்னதுதான் கணக்கு. 1921இல் சட்டத்தால் துண்டுமுறை ஒழிந்தது. ஆனால் நீட்டிய கடதாசியை வாசிக்காமல் பெருவிரல் வைக்கும் பழக்கம் அதோடு ஒழியவில்லை. கடைப் பற்று, அடகுச் சீட்டு, நுண்கடன் பத்திரம் என்று பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.

எல்லாரும் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பளமில்லாத மாதத்தில் அரிசியும் மாவும் கடனாகத் தந்து காப்பாற்றிய கடைக்காரர்களும் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். நேர்மையானவர் நாம் எண்ணிப் பார்ப்பதைக் கண்டு கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

பத்துக்குப் பத்து எடுத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு வீட்டுவேலை தருகிறோம். அடுத்த சம்பள நாளன்று சாயங்காலம், கடைக்குப் போவதற்கு முன், வீட்டில் எல்லாரும் விளக்கடியில் உட்காருங்கள். தாள்களை நீளப்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் பறவையைத் தேடுங்கள். குத்திகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, பெரியவர்களுக்குப் பாதுகாப்பு. பிறகு சம்பளச் சிட்டையை நடுவில் வைத்துப் பெயர் எத்தனை, கழித்தது எவ்வளவு, எதற்குக் கழித்தார்கள் என்று ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். விளங்காத வரி ஏதாவது இருந்தால் அதன் கீழே ஒரு கோடு போட்டு, சிட்டையைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த வரிக்குப் பதில் வாங்கித் தருவது சங்கத்தின் வேலை.

இனி மடியில் இருப்பதை எடுத்துப் பார்க்கலாம்.